கோணலாக ஒரு பேர்

"கொஞ்சம் கோணலா வெட்டு துர்கா. அது போதும்," என்றார் முதலாளி.

காலையில் கடை வாசலில் தெளித்த தண்ணீர்கூட இன்னும் காயவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அழகுசுந்தரம் முதலாளிக்கும் விளையாட்டுக்கும் வெகுதூரம். கையில் ஒரு நசுங்கிய தூக்குவாளி மூடியை வைத்துக்கொண்டு நின்றார். அதில்தான் நான் பேரைக் கோணலாக வெட்ட வேண்டுமாம்.

எங்களுடையது காரைக்குடியில் கல்யாணச் சீர்ச் சாமான் விற்கும் கடை. பித்தளை, எவர்சில்வர், வெண்கலம் என்று மாடி வரைக்கும் அடுக்கியிருக்கும். இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் பேர் வெட்டாமல் வீட்டுப் படி ஏறாது. கரண்டி முதல் அண்டா வரை பெண்ணைப் பெற்ற அப்பச்சியின் வீட்டு விலாசமும் அவள் பேரும் இருக்க வேண்டும். அத்தனையையும் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். வந்த சனம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும். ஓர் எழுத்து சறுக்கியிருந்தாலும் சம்பந்தி வீட்டுக்குப் பேச ஒரு வருஷத்துக்குக் கிடைத்த மாதிரி.

அந்தப் பேர் வெட்டுகிற வேலை என்னுடையது. கடையின் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் போட்டிருந்தார்கள், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி. என் திறமையைப் பார்க்கட்டும் என்று அல்ல. என் வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பாத்திரத்தை அந்த மொட்டைக் கையால் அணைத்துக்கொண்டு இடது கையால் மிஷினைப் பிடித்து வெட்டுவேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். "பாவம், இந்தப் பிள்ளைக்கும் ஒரு வழி பண்ணிவிட்டிருக்கீகளே," என்று முதலாளியைத்தான் கும்பிடுவார்கள். ஊரில் ஏதோ ஒரு சங்கம் இதற்காகவே அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. போட்டோவுக்கு நானும் நின்றேன். ஆடை நழுவாமல் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"எதுக்கு முதலாளி கோணலா வெட்டணும்?" என்று கேட்டேன்.

அவர் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். நான் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்த பயிற்சி ஆள். ஒரு வருஷத்தோடு முடிய வேண்டிய பயிற்சி. நான்கு வருஷமாக முடியாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு வருஷமும் அவர் மேலிடத்துக்கு எழுதிப் போடுவாராம்: இந்தப் பெண்ணுக்குக் கை ஊனம், இன்னும் தொழில் பிடிபடவில்லை, நீட்டித்துத் தாருங்கள். இந்த வருஷம் புதிதாக வந்திருக்கும் ஆபீசரம்மா எழுதியதை நம்பாமல் நேரில் பார்க்க வருகிறார். இன்றைக்கே.

அதை வருஷா வருஷம் புதுப்பிக்கிற கடுதாசி என்றல்லவா என்னிடம் சொல்லியிருந்தார். ஊரில் பாதிப் பேர் வீட்டு அடுக்களையில் என் எழுத்து இருக்கிறது. இந்த ஆள் என்னவென்றால் எனக்குத் தொழிலே தெரியாது என்று நாலு தடவை எழுதியிருக்கிறார்.

"சுத்தமா வெட்டிக் காட்டுனா என்னாகும் தெரியுமா?" என்றார். "பயிற்சி முடிஞ்சதுன்னு சொல்லிருவாக. முடிஞ்சவளுக்கு நான் வேலை குடுக்கணும்னு சட்டத்துல இல்லை. நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோணலா வெட்டுனா இன்னும் ஒரு வருஷம் இங்குட்டே இருக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லது! கடையில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் பாதிகூட எனக்கு வராது. அதிலும் ஒரு பங்கை அரசாங்கமே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆயுத பூசைக்கு வேலைக்காரர்களுக்கு எல்லாம் துணி எடுத்துக் கொடுப்பார், எனக்குப் பொரிப் பொட்டலம் மட்டும். "நீ படிக்கிற பிள்ளைதானே," என்பார். இருபத்தேழு வயதுப் பிள்ளை.

ஆனாலும் பயமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கோட்டையூரில் அம்மாவும் நானும் என் வருமானத்தில்தான் சாப்பிடுகிறோம். வேறு கடையில் போய் நின்றால் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள், அப்புறம் சிரித்தபடி சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் எட்டுக் கடைப் படி ஏறி இறங்கியவள் நான். மூடியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலாளி அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மேல் நேமத்தான்பட்டி அகிலாண்டேஸ்வரி ஆச்சி வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம். சாமான் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது, பேர் வெட்டி மறுநாள் வண்டி ஏற்ற வேண்டும். "ஏண்டி துர்கா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே ஆபீசரம்மா நுழைந்தார். சௌபர்ணிகா என்று பேர் சொன்னார். என் வயதுதான் இருக்கும், வெளியூர்ப் பேச்சு.

முதலாளி குளிர்பானம் வரவழைத்தார். என்னைக் காட்டி, "பாவம் மேடம், நல்ல பிள்ளை. கைதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. நானும் பொறுமையாத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்," என்றார்.

ஆபீசரம்மா என் கையைப் பார்த்தார். பார்த்த மாதிரி தெரியக் கூடாது என்று உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் எனக்குப் பழகிப்போனதுதான். "பயப்படாதீங்க. என் பேரையே வெட்டுங்க பார்ப்போம். எவ்வளவு வருதோ அவ்வளவு வரட்டும்," என்றார்.

மிஷினைப் போட்டேன். கிர்ரென்று சத்தம் வந்தது. முதலாளி என்னைப் பார்த்து ஒரு கண்ணை லேசாக மூடித் திறந்தார். அந்தக் கண்சிமிட்டல் மட்டும் இல்லாதிருந்தால் ஒருவேளை நான் கோணலாகவே வெட்டியிருப்பேன், யார் கண்டது. அம்மாவின் முகம் அப்படி மனதில் நின்றது. ஆனால் அவர் சிமிட்டியதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கையை வைத்துப் பொய் சொன்னது போதாதென்று, அந்தப் பொய்யை என் கையே எழுத வேண்டுமா?

நசுங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். அவசரப்படவில்லை. சௌபர்ணிகா என்று முழுப் பேரும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் உட்கார்ந்தது. தூசியை ஊதிவிட்டு மூடியை அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவங்களுக்கா சார் தொழில் பிடிபடலைன்னு எழுதியிருக்கீங்க?"

"இன்னைக்கு என்னமோ நல்லா வந்துருச்சு மேடம்."

ஆச்சி சிரித்துவிட்டார். "ஏம்ப்பா அழகு, இன்னைக்குத்தான் வந்துச்சா? என் மூத்தவ கல்யாணத்துக்கு அம்புட்டுச் சாமானும் இவதானே வெட்டுனா? நீதானே சொன்னே, எங்க துர்கா எழுத்து மாதிரி மதுரையிலகூட வராதுன்னு?"

முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் கெட்டிக்காரர். ஒரு நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டார். "அப்பச் சரி. பயிற்சி முடிஞ்சதுன்னே எழுதிக்கங்க மேடம். நாளையிலிருந்து நிப்பாட்டிக்கிறேன். பயிற்சி முடிஞ்சவுகளுக்கு நான் வேலை குடுத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்லையே?"

ஆபீசரம்மா தயங்கினார். "இல்லை. ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருந்தா ஒழிய, கட்டாயம் இல்லை."

முதலாளி காலையிலேயே சொன்னதுதான். ஆனாலும் அந்தம்மா வாயால் கேட்டபோது அழுகை வரும் போல இருந்தது, அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம்," என்றேன். "பயிற்சின்னா சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணுமா, வேணாமா?"

"கண்டிப்பா வேணும். தொழில் தெரிஞ்சவரா இருக்கணும்."

"எனக்கு யாரு?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "சாரோட பேர்தான் போட்டிருக்கு."

நான் எழுந்து நின்றேன். இந்தக் கடையில் முன்பு பேர் வெட்டிக்கொண்டிருந்தவர் கருத்தையா அண்ணன். நான் சேர்ந்த இரண்டாவது மாசமே வேலையை விட்டுவிட்டுக் கல்லல் பக்கம் விவசாயம் பார்க்கப் போய்விட்டார். அதற்கப்புறம் இந்த மிஷினை என்னைத் தவிர ஒருத்தரும் தொட்டதில்லை. முதலாளிக்கு அதன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதாவது தெரியுமா என்பதே சந்தேகம்.

"உக்காருங்க முதலாளி," என்று என் நாற்காலியைக் காட்டினேன். "அதே மூடியில மேடம் பேருக்குக் கீழ உங்க பேரை வெட்டுங்க. நாலு வருஷமாச் சொல்லிக் குடுத்தவுக, ஒரு தடவை வெட்டிக் காட்டுங்க. நான் பாத்துக் கத்துக்கிறேன்."

"ஏய், என்ன பேச்சு இது!"

"வெட்டுங்க சார்," என்றார் ஆபீசரம்மா.

முதலாளி உட்கார்ந்தார். ஆச்சி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மிஷின் உறுமியதுமே முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பேரின் அகரத்தைப் போட ஆரம்பித்தார், அது வழுக்கிக்கொண்டு விளிம்பு வரை ஓடியது. இரண்டாவது தடவை மூடியே கையிலிருந்து எகிறிக் கீழே உருண்டது. பில் போடுகிற முத்தரசு வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினான். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சிரிப்பே வரவில்லை. இந்த இரண்டு கைகள்தான் என் கை உதவாது என்று எழுதியவை.

ஆபீசரம்மாவின் குரல் மாறிவிட்டது. "சொல்லிக் கொடுக்க ஆளே இல்லைன்னா இது பயிற்சியே இல்லை சார். இவங்க பார்த்தது வேலை. வேலைன்னா, வேலை பார்க்கிறவங்களுக்கு உள்ளது எல்லாம் இவங்களுக்கும் வரணும். பயிற்சி முடிஞ்சதுன்னு நாளைக்கு நிறுத்தவும் முடியாது. நான் மேல எழுதுறேன்."

உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து, கையெழுத்துப் போடும்படி என்னிடம் தாளை நீட்டினார். முழுவதும் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, கடைசி வரி வரைக்கும். 'இவரது உடல் குறைபாட்டைக் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில் பணி வழங்கப் பரிசீலிக்கலாம்.'

"கருணை அடிப்படைன்னு இருக்கிற வரியை அடிச்சிருங்க மேடம்."

அவர் திகைத்தார். "உங்களுக்குப் பலமா இருக்கட்டும்னுதானே எழுதினேன்?"

கருணை என்று காதில் விழுந்ததும் முதலாளி மளமளவென்று எழுந்து வந்தார். "எழுதட்டுமே துர்கா. கருணைன்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? அந்த வரி இருந்தா இப்பவே வேலைக்கு எடுத்துக்கிட்டதா கையெழுத்துப் போடுறேன். கேஸு, அலைச்சல் ஒண்ணும் வேணாம். நாளைக்கே மத்தவுக மாதிரி சம்பளம்."

போர்த்தின பொன்னாடைக்கு மேலே இன்னொன்று போர்த்திக்கொள்ளப் பார்க்கிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. வேலையும் அதே தாளில்தான் இருந்தது. ஒரு கையெழுத்துத் தூரம். ஆச்சிகூட, "வாங்கிக்கடி, பிழைக்கிற வழியப் பாரு," என்றார்.

"மாட்டேன்," என்றேன். "பேர் வெட்டுறவளுக்கு வேலை குடுத்தேன்னு எழுதட்டும். கை இல்லாதவளுக்குப் பாவம் பாத்துக் குடுத்தேன்னு எழுதுனா, அந்த வேலை எனக்கு வேணாம்."

"அப்ப கேஸு நடக்கட்டும்!" என்று கத்தினார் முதலாளி.

"நடக்கட்டும்."

ஆபீசரம்மா என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். இந்தத் தடவை கையை அல்ல. பிறகு அந்த வரியின் மேல் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

நான் மிஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினேன். ஆச்சி பதறிப்போனார். "அடியே, என் சாமான் என்னாகுறது? நாளைக்கு வண்டி வருதே!"

"கத்துக்கிட்டு இருக்கிற பிள்ளை கையில உங்க மக சீரைக் குடுப்பீகளா ஆச்சி? நான் யாருன்னு முதலாளி சொல்லட்டும். வேலைக்காரின்னா இப்பவே உக்காந்து வெட்டுறேன். பயிற்சிப் பிள்ளைன்னா, முதலாளியே வெட்டித் தருவாக. இப்பத்தானே பாத்தீக."

ஆச்சி என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த மூடியைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். "அழகு," என்றார், ஒரே ஒரு வார்த்தை. நேமத்தான்பட்டியில் அவருக்கு இருக்கும் உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணச் சாமான் வியாபாரம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏதோ முணுமுணுத்தார்.

"ஆச்சிக்குக் கேக்கல முதலாளி."

"எங்க கடை வேலைக்காரி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "இந்தக் கடையில பேர் வெட்டுறவ இவதான், வேற ஆள் இல்லை. போதுமா?"

"போதாது," என்றேன், பேனாவை அவர் பக்கம் தள்ளி. "அதை இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."