ஸ்விர்னோ மூட்டை கட்டிய திங்கட்கிழமை

கெரெம் ஷாகெத் ஊர் நினைவகத்தில், மேசைமேல் கண்ணாடிக்குள் இருந்த அட்டை நகரத்தின் ரொட்டிக்கடை, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பு மூட்டியது. அந்த வாரம் முட்டை விலை இறங்கியிருந்தது. ஏற்றுமதிக்காரர்கள் பெரிய ஆரஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள், சின்னதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புகையை முதலில் பார்த்தவர் தரை துடைக்க வந்த ஹெர்ட்ஸ். புகைபோக்கியில் புகை கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். ஹெர்ட்ஸும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றார். பிறகு வாசனை வந்தது. முட்டை சேர்த்துப் பின்னிய ஓய்வுநாள் ரொட்டியின் வாசனை. ஹெர்ட்ஸ் சற்று நேரம் அழுதார், பிறகு பசிக்கிறது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் நாட்டில் ஊருக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி இருப்பதுபோல ஊருக்கு ஒரு நினைவகமும் உண்டு. ஒரு ஊரில் பெயருக்கு ஒரு மரம் என்று காடே வளர்த்திருக்கிறார்கள். இன்னொரு ஊரில் நிலவறையில் விளக்கு எரிகிறது. பக்கத்துக் கூட்டுப்பண்ணையின் கிப்புட்ஸ்காரர்கள் எதற்கென்று அவர்களுக்கே விளங்காத ஒரு கான்கிரீட் தூணை நட்டார்கள். நாங்கள் போலந்தில் ஸ்விர்னோவைச் சேர்ந்த யூதர்கள். போரில் நாஜிகள் ஊரை மூட்டையோடு சதுக்கத்தில் நிறுத்தி வண்டியேற்றிய பிறகு, புகைபோக்கிக்குத் தப்பிய மிச்சப்பேர். கல்வெட்டு வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் திரும்பிப் போக ஊரும் இல்லை, வீட்டில் இருக்க ஆளும் இல்லை என்றான பிறகு, அந்த ஊரையே அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. எல்லாம் ஞாபகத்திலிருந்து. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. கிணறு மருந்துக்கடைக்கு எதிரே இருந்தது என்று ஃப்ரூமா சாதித்தாள். இல்லை, குதிரைச் சந்தைக்குப் பக்கத்தில் என்றார் அவள் கணவர் செலிக். ஊர் இரண்டு கட்சியானது. கடைசியில் இரண்டு கிணறும் வைத்தோம். ரொட்டிக்கடை புகைந்த மறுவாரம் மருந்துக்கடைக் கிணற்றில் தண்ணீர் ஊறியது. குதிரைச் சந்தைக் கிணறு இன்றுவரை வறண்டேதான் கிடக்கிறது. செலிக் ஒரு மாதம் மனைவியோடு பேசவில்லை.

பொம்மை மனிதர்கள் யாரையும் நாங்கள் வைக்கவில்லை. மனித உருவம் செய்வது பாவம் என்று பக்திமான்கள் தடுத்துவிட்டார்கள். அதனால் மனிதர்கள் தாங்களாகவே வந்தார்கள். முதலில் வந்தவள் கல்யாணத் தரகி. ஒரு கட்டைவிரல் உயரம், கையில் குடை, முகத்தில் அவசரம். அவளுக்கு வேலை இருந்தால் மற்றவர்களும் இருக்கவேண்டும் அல்லவா, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வாத்து விற்கிறவள், கடிகாரம் பழுது பார்க்கிற வெல்வெல், ஒருவரோடொருவர் பேசாத இரண்டு தையற்காரர்கள். ரொட்டிக்கடையிலிருந்து முழங்கைவரை மாவோடு வெளியே வந்தவர் மெண்டல், ஃப்ரூமாவின் அப்பா. அப்பாவுக்கு நாற்பது வயது, மகளுக்கு அறுபது. ஃப்ரூமா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். மெண்டல் அண்ணாந்து பார்த்து, வெளிச்சத்தை மறைக்காதே என்று கையை ஆட்டினார். தான் யார் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால், மற்றவர்கள் எங்கே என்று கேட்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, பக்கவாட்டில் நின்று, மிச்ச மாவில் அவர் பிள்ளைகளுக்குக் குருவி ரொட்டி செய்வாரே, அதைச் செய்கிறாரா என்று பார்ப்பாள். செய்யவில்லை. கடையில் பிள்ளைகளும் இல்லை.

ஃப்ரூமாவுக்கு ஒரு பழக்கம். கப்பலிலிருந்து இந்த மண்ணில் இறங்கிய நாள்முதல், கட்டிலுக்கடியில் கட்டிய பெட்டி ஒன்றை வைத்திருந்தாள். ஆண்டுதோறும் பெசாக் பண்டிகைக்கு வீடு ஒழிக்கும்போது அதை வெயிலில் காயவைத்து, மறுபடி அடுக்கி, மறுபடி உள்ளே தள்ளுவாள். செலிக்குக்கு அது ஆண்டு முழுவதும் கிண்டலுக்கான சரக்கு.

"எங்கடி கிளம்பிட்ட? கிழக்கால பாலைவனம், மேக்கால கடலு. நீச்சல் உடை வச்சிருக்கியா?"

"உன் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. வேணுங்கறப்ப கேப்ப."

ஏழெட்டு வருடம் இப்படியே போயிற்று. நினைவகத்துக் கூரையில் ஓட்டை விழுந்து, மழைக்காலத்தில் அட்டை நகரத்தில் ஒரே ஒரு வீட்டின்மேல், வெல்வெல் வீட்டின்மேல் மட்டும், மழை பெய்தது. பாவம், மனிதர் மார்கழி முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு கடிகாரம் பழுது பார்த்தார். அப்போதுதான் கடற்கரை நகரத்தில் புதிதாகக் கட்டிய பெரிய நினைவகத்திலிருந்து யாயெல் என்ற பெண் வந்தாள். நல்ல பெண், படித்தவள், எதையும் தொடுவதற்குமுன் கேட்பாள். நகரத்தை அங்கே கொண்டுபோனால் குளிர்சாதனம், ஒழுகாத கூரை, பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் என்றாள். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினோம். முதலில் தூக்கியவள் ஃப்ரூமா, வெல்வெல் நனைகிறாரே என்று.

யாயெல் ஒழுங்கானவள், ஆகையால் நினைவகத்தின் கதவுக்கண்ணாடியில் உள்பக்கம் பார்க்க ஓர் அறிவிப்பு ஒட்டினாள், கண்ணாடிப் பெட்டியைப் பிரிக்க வருகிற வேலையாட்களுக்காக. திங்கள் காலை எட்டு மணிக்கு இடமாற்றம். எல்லாம் கட்டித் தயாராக இருக்கவேண்டும். லாரி வாசலுக்கு வரும். இவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் படித்தோம், எங்கள் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஸ்விர்னோக்காரர்களுக்கும் எங்களுக்கும் எழுத்து ஒன்றுதான். அவர்களும் படித்தார்கள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. கதவைத் திறந்தால், சதுக்கத்தில் ஸ்விர்னோ முழுவதும் நின்றது. வரிசையாக, ஆளுக்கொரு மூட்டையோடு. தரகி குடையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். பேசாத தையற்காரர்கள் இருவரும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். மெண்டல் கடையைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருந்தார். ஒருவரும் பேசவில்லை, ஸ்விர்னோவில் அப்படி நடந்ததே கிடையாது. யாயெல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே எழுதினேன். என் கையால எழுதினேன்," என்றாள்.

"நாங்களும் படிச்சோமே கண்ணு," என்றாள் ஃப்ரூமா. "எந்திரி. மறுபடி இவங்கள வண்டியில ஏத்த முடியாது. லாரிய அனுப்பு."

லாரிக்காரர் ஷிமோன் மொரோக்கோவிலிருந்து வந்தவர். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "எஞ்சினப் போட்டா சத்தம் கேக்கும். தள்ளுங்க," என்றார். ஊரே சேர்ந்து அந்த லாரியைப் பெரிய சாலைவரை கையால் தள்ளிக்கொண்டு போனோம். செலிக்குக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆனால் சதுக்கம் கலையவில்லை. அறிவிப்பைக் கிழித்தோம், கலையவில்லை. தவறு நேர்ந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று புது அறிவிப்பு ஒட்டினோம். அதைப் படித்துவிட்டு மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். மதகுரு ராபியை அழைத்துவந்து பேசச் சொன்னோம், அவர் நன்றாகப் பேசினார், எங்களுக்குத்தான் தூக்கம் வந்தது. செலிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கூரை ஓட்டையை அடைத்தார். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. நின்றபடியே நின்றார்கள். வெள்ளி காலையில் புகைபோக்கி குளிர்ந்து கிடந்தது. இந்தத் தடவை புகை வரவேண்டுமே என்று கண்ணாடியைச் சுற்றி நின்றோம்.

ஃப்ரூமா வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடி மூடியைத் தூக்கச் சொன்னாள். சதுக்கத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். காய்ந்த ரொட்டித்துண்டு. மத்தி மீன் டப்பாக்கள். இந்த வெயிலில் யாரும் போடமுடியாத கம்பளிக் காலுறை. சோப்பு. இப்போது வளர்ந்துவிட்ட தங்கள் மகளின் கவுன், அவள் வளர வளர அளவு மாற்றி மாற்றி வைத்தது. அடியில் நீலக்கோடு போட்ட ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று.

"அடிப்பாவி, இது என் சட்டைடி!" என்றார் செலிக். "காணோம்னு சலவைக்காரன எத்தன வருஷமா திட்டிக்கிட்டிருக்கேன்!"

"பின்ன? உன்ன விட்டுட்டா போவேன்?"

செலிக் குனிந்து சட்டையை எடுத்து உதறி, போட்டிருந்ததன் மேலேயே போட்டுக்கொண்டார். பொத்தான் வயிற்றுக்கு எட்டவில்லை. ஃப்ரூமா வெறும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று அவர்கள் பார்க்கட்டும் என்று.

சதுக்கத்தில் தையற்காரர்கள் இருவரும் பெட்டியின் தங்கள் பக்கத்தை இறக்கிவைத்தார்கள், உடனே யார் பக்கம் கனம் அதிகம் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. தரகி குடையை விரித்தாள். மெண்டல் ஃப்ரூமாவை அண்ணாந்து பார்த்தார், அவள் கையை, கவுனை, மறுபடி முகத்தை. இந்தத் தடவை வெளிச்சத்தை மறைக்கிறாய் என்று சொல்லவில்லை. போய்க் கடையைத் திறந்தார்.

அன்று ரொட்டி தாமதம், சூரியன் சாயும் நேரத்தில்தான் வெந்தது. கடையின் முன்பலகையில் அடுக்கியிருந்த ரொட்டிகளுக்குப் பக்கத்தில், தனியாக, மேசை விளிம்பை ஒட்டி, அரிசிமணி அளவில் ஒரு குருவி இருந்தது. ஃப்ரூமா அதை விரல்நுனியில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதுல பசி அடங்குமாடி?" என்றார் செலிக்.

"அடங்குது," என்றாள்.

யாயெல் இப்போதும் மாதம் ஒரு தடவை வருகிறாள், எதையும் எழுதி ஒட்டுவதற்குமுன் எங்களிடம் வாசித்துக் காட்டுகிறாள். அந்தப் பெட்டியைத் தன் நினைவகத்துக்குக் கேட்டாள், ஃப்ரூமா தரவில்லை, அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர் முழுக்க ரொட்டி வாசனை அடிக்கிறது, அதோடு போட்டி போட முடியாமல் ஊர் ரொட்டிக்கடைக்காரர் வெள்ளியன்று ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டு மீன் விற்கிறார்.