பூஜையில் வைத்த சாவி

மெர்சி வீட்டில் ஏதோ சரியில்லை என்பது விஜயதசமி அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது, கைக்குழந்தை அழுதது, அவள் எதற்கும் எழுந்திருக்கவில்லை. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரமே இருக்கிறது, அது வேறு விஷயம்.

மெர்சிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வேலை. குழந்தை பிறந்த பிறகு சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறாள். முதலாளி இஷ்தியாக் அகமது ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார். சர்வர் நின்றுபோய், அவளால் வீட்டிலிருந்து எழுப்ப முடியவில்லை என்றால், மறுநாளிலிருந்து அவள் தினமும் ஆம்பூருக்கு பஸ் ஏற வேண்டும். இது எங்கள் தெருவுக்கே தெரியும். நான்தான் சொன்னேன்.

"இன்னா மெர்சி, மூஞ்சி இப்படி இருக்குது?"

"சர்வர் கிளம்பலக்கா. கன்டெய்னர் கேட்ல நிக்குது. பேக்கிங் சாஃப்ட்வேர் தொறந்து இன்வாய்ஸ் அடிச்சாதான் வெளிய விடுவாங்க."

"கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

"இல்லக்கா. ஃபேக்டரில கம்ப்யூட்டர் நல்லா ஓடுது. அதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் குடி வெச்சிருக்கோம், அதான் சர்வர். வீடு நல்லா இருக்குது, குடித்தனக்காரங்க கதவத் தொறக்க மாட்டேங்கறாங்க."

இது எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் மாடி போர்ஷனும் அப்படித்தான்.

ஏதோ ஒரு சாமான் இல்லை என்று திரை சொன்னது, எது என்று சொல்லவில்லை. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. மெமரி பார்த்தாள், போதுமான அளவு. இல்லாத சிடியைத் தேடுகிறதோ என்று சர்வரின் சிடி டிரைவைத் திரையிலேயே கழற்றிவிட்டும் கிளப்பிப் பார்த்தாள். ம்ஹூம். ஃபேக்டரியில் இருந்த சூப்பர்வைசர் தனகோடிக்கு போன் போட்டாள்.

"அண்ணா, நேத்து சிஸ்டத்துல எதனா தொட்டீங்களா?"

"ஒண்ணும் தொடல மேடம். பூஜைக்கு ஆஃப் பண்ணி, தொடச்சி, பொட்டு வெச்சோம். அவ்ளோதான்."

அதற்குள் முதலாளி கூப்பிட்டார். "மெர்சிம்மா, பேஜாரா இருக்குது. மதியத்துக்குள்ள வண்டி போவலன்னா நாளைக்கு நேர்ல வந்துடு." மெர்சி போனை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள்.

பாவமாக இருந்தது. மனதை மாற்றலாமே என்று என் போனை எடுத்தேன். என் நாத்தனார் சுந்தரி அதே ஃபேக்டரியில் தையலில் இருக்கிறாள். ஆயுதபூஜைக்குப் புதுப் பட்டுப்புடவையில் போட்டோ பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள்.

"இந்தக் கலரைப் பாரேன். தோல் நாத்தத்துக்கு நடுவுல பட்டு!"

மெர்சி போனை வாங்கிப் பெரிதாக்கினாள். புடவையைத் தாண்டிப் போனாள். சுந்தரியைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் சாமி படத்துக்கு முன்னால் இருந்த தட்டுக்குப் போனாள். கத்தரி, தோல் சீவும் கத்தி, சுத்தியல். நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமான், அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு.

"அய்யோ, என் சாவி!"

பென் டிரைவ் மாதிரி இருக்கிற அதுதான் பேக்கிங் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் சாவியாம். கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியே இருக்க வேண்டும். சர்வர் எழும்போதே முதலில் அதைத்தான் தேடும், கிடைக்காவிட்டால் அப்படியே படுத்துவிடும். அது இல்லாமல் சர்வரை எழுப்ப வழி உண்டு, ஆனால் சாஃப்ட்வேர் திறக்காது.

மறுபடி போன் போட்டுக் கேட்டதும் தனகோடி மறுக்கவில்லை. "அது சின்ன சாமான் மேடம். அதுவும் ஆயுதம்தானே?"

"இப்ப எடுத்து செருகுங்கண்ணா."

"மறுபூஜை சாயங்காலம்தான். அதுக்கு முன்ன எடுக்கக் கூடாது. பசங்க பேசுவாங்க."

"இப்பவே மறுபூஜை பண்ணிடுங்க."

"பூசணிக்கா வரலையே."

மெர்சி போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாள். "அக்கா, தேங்கா மட்டும் போதுமா?"

அவள் சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு என்ன தெரியும். "கற்பூரம் ஏத்தி தேங்கா ஒடச்சா போதும், பூசணிக்கா சாயங்காலம் தெருவுல ஒடச்சிக்கலாம்" என்று, பரம்பரைப் பூசாரி மாதிரி நானே போனில் சொன்னேன்.

வீடியோ காலில் கற்பூரம் எரிந்தது. மெர்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றாள். தேங்காய் உடைந்தது. தனகோடி சாவியை எடுத்துச் செருகினார். சர்வர் அப்படியே கிடந்தது.

"அண்ணா, கழட்டி வாய்ப்பக்கம் காட்டுங்க." உள்ளே சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. "தொடைங்க."

"பொட்டையா மேடம்?"

"பொட்டு மேலயே இருக்கட்டும். வாய மட்டும் தொடைங்க."

சட்டை நுனியால் துடைத்து மறுபடி செருகினார். கறுப்பாக இருந்த திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. மெர்சி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். நானும்தான். கடைசியில் பேக்கிங் சாஃப்ட்வேர் திறந்தது. இன்வாய்ஸ் அடித்து, கன்டெய்னர் கேட்டைத் தாண்டியதும் முதலாளியே கூப்பிட்டார்.

"நேர்ல யாராச்சும் ஆளு போனாங்களாம்மா?"

"இல்ல பாய், வீட்லேந்துதான்."

"சரி, வீட்லயே இரு. அடுத்த வருஷம் அந்தச் சாவிய பூஜைல வெக்க வேணான்னு சொல்லிடு."

"அப்படிச் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க பாய். பழைய பென் டிரைவ் ஒண்ணு குடுத்து விடறேன், அதுக்குப் பொட்டு வெக்கட்டும்."

போனை வைத்துவிட்டுக் குழந்தைக்குக் கஞ்சி கரைக்கப் போனாள். நானும் கறிவேப்பிலை வாங்காமலே வந்துவிட்டேன்.

சுந்தரிக்குத்தான் இன்னும் கோபம். அத்தனை பெரிதாக்கிப் பார்த்தும் புடவையைப் பற்றி மெர்சி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அது அவள் காதுக்கு எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள்.