அணையாத விளக்கு சொன்ன பொய்

அக்கா பல் டாக்டர். அவளுடைய மருத்துவமனைக்கு நான்கு சக்கரங்கள் உண்டு. சாய்வு நாற்காலி, துளைக்கும் கருவி, வாய் கொப்பளிக்கத் தொட்டி எல்லாவற்றையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். தம்பி விளக்குக் கம்பெனியில் மின்சுற்று வடிவமைப்பவன். இப்படியோர் அக்காவும் இப்படியொரு தம்பியும் ஒரே வீட்டில் பிறந்துவிட்டால், வேனுக்கு விளக்கு யார் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கா எவ்வளவோ நழுவிப் பார்த்தாள். நடக்கவில்லை.

முதல் விளக்கு, கருவிகளுக்குக் காற்றடித்துத் தரும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் மங்கியது. ஒருவர் வாயைப் பிளந்தபடி படுத்திருக்க, அக்கா அரை இருட்டில் ஊசியோடு நின்றாள்.

"டேய், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கழட்டி வீசிட்டு கடையில வாங்கி மாட்டிக்குவேன். தம்பிங்கிறதெல்லாம் வீட்டோட. இங்க படுத்திருக்கிறது அடுத்தவங்க வாய்."

அது நியாயமான பேச்சு. தம்பிக்கு வலித்ததே அதனால்தான்.

கோளாறு புரியாததல்ல. வரிசையாகக் கோத்த நான்கு எல்.இ.டி.க்குத் தேவையான மின்னழுத்தமும் வேன் பேட்டரி தரும் மின்னழுத்தமும் ஏறக்குறைய ஒன்று. பேட்டரி சில நேரம் அதற்கு மேலே நிற்கும், கம்ப்ரஸர் இழுத்தால் கீழே போய்விடும். அவன் போட்டிருந்த சிப்புக்கு மின்னழுத்தத்தை இறக்கித் தர மட்டும்தான் தெரியும். பேட்டரி கீழே போனதும் கையை விரித்துவிட்டது.

ஏற்றவும் இறக்கவும் தெரிந்த சிப்களும் உண்டு. ஆனால் அவற்றைச் சுற்றித் துணை உறுப்புகள் ஒரு கூட்டமே உட்கார வேண்டும். தம்பி விவரத்தாள்களைப் புரட்டினான். சிப்பின் விவரத்தாளில் முதல் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பேச்சு மாதிரி. குறைகளெல்லாம் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "சிப்ப எதுக்குப் பாடாப் படுத்துற? எல்.இ.டி.ய ஆறாக்கு. அப்புறம் பேட்டரி என்ன ஆட்டம் ஆடினாலும் ஆறுக்கு வேண்டியதுக்குக் கீழதான் நிக்கும். ஏத்துற சிப் ஒண்ணே போதும்."

"அத நானும் யோசிச்சேன்."

"எப்போ?"

"நீங்க சொல்லி முடிச்சதும்."

அப்படியே செய்தான். சோதனை மேசையில் எரியும் எல்.இ.டி.யைக் காகிதக் கோப்பையால் மூடி வைப்பது அந்த அலுவலக வழக்கம். இல்லாவிட்டால் நாள் முழுக்கக் கண்ணில் பச்சைப் பொட்டு நீந்தும். அதனால் விளக்குக் கம்பெனியில் வெளிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை, மீட்டரைத்தான் பார்ப்பார்கள். மின்னழுத்தத்தை ஏற்றி, இறக்கி, உலுக்கிப் பார்த்தான். மீட்டர் அசையவில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் திருகைத் திருப்பினால், சிப் விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றும். கண்ணுக்குத் தெரியாது. தம்பி திருப்தியோடு விளக்கை மாட்டப் போனான்.

வேனில் கம்ப்ரஸர் உறுமியது. விளக்கு சிமிட்டக்கூட இல்லை. "பரவாயில்லையே" என்றாள் அக்கா. அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நாற்காலியில் பல் காட்டப் படுத்திருந்த ஓர் அம்மாவுக்குக் கண் கூசியது. அக்கா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, பல் துலக்கும் சுழல் பிரஷைக் கையில் எடுத்துப் பெடலை மிதித்தாள். பிரஷ் அப்படியே நின்றது. கம்ப்ரஸர் இரைச்சலில் மோட்டார் சத்தம் தனியாகக் கேட்கவில்லை.

"என்ன, ஓடலையா இது?" என்று விரலால் தொட்டாள்.

கையுறை நுனி பிரஷில் சுற்றிக்கொண்டு கிழிந்தது. கையை உதறி எடுத்தாள். விரல் தோல் உரசலோடு தப்பியது. பிரஷ் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அணைந்து அணைந்து எரிந்த விளக்கு, பிரஷ் சுற்றி அதே இடத்துக்கு வரும் கணத்தில் மட்டும் எரிந்ததால், நிற்பதுபோல் காட்டியிருக்கிறது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தம்பி பிழைத்திருப்பான். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை அவன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, மிச்ச வேலையை முடித்தாள். அந்த அம்மா இறங்கிப் போனதும் சொன்னாள்:

"பழசு மங்கினா தெரிஞ்சுது, கைய எடுத்துட்டேன். இது நல்லா எரிஞ்சுக்கிட்டே பொய் சொல்லுதுடா. பிரஷ் இருந்த இடத்துல துளைக்கிற ஊசி இருந்திருந்தா?"

தம்பி விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுபடியும் சிப் தேடினான். இந்த முறை கேள்வியே வேறு: வெளிச்சத்தை எப்படிக் குறைக்கிறது? அணைத்து அணைத்துக் குறைக்காமல், ஓடும் மின்னோட்டத்தையே சீராகத் தணிக்கிற ஒன்று கிடைத்தது. ரொம்பவும் மங்க வைக்க அதற்கு வராது. மங்கும்போது வெண்மை ஒரு நூல் பழுப்படிக்கும்.

"இதையா எடுக்கிற? பெருமையாச் சொல்லிக்க ஒண்ணுமே இல்லையே" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"பொய் சொல்லாதுங்க. அது போதும்."

கோப்பையை எடுத்துவிட்டு, ஒரு மேசை மின்விசிறியை விளக்கடியில் வைத்தான். ஒவ்வொரு வேகத்திலும், திருகின் ஒவ்வொரு நிலையிலும் இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயும் அவை நிற்கவில்லை.

வேனில் அக்காவும் பிரஷை எல்லா வேகத்திலும் ஓட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நாற்காலியில ஏறு."

"நான் எதுக்குக்கா?"

"பின்ன, யார் வாயில முதல்ல சோதிக்கிறது?"

ஏறிப் படுத்தான். மங்கிய வெளிச்சத்தில் பிரஷ் ஒரு கலங்கிய வெள்ளை வட்டமாக, சுற்றுவது நன்றாகத் தெரியும்படிச் சுற்றிக்கொண்டு அவன் முகத்தை நோக்கி வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக அவன் எதற்கும் பயந்ததில்லை.

அக்கா குனிந்து வாய்க்குள் நெடுநேரம் பார்த்தாள்.

"விளக்கு இங்கயே இருக்கட்டும்" என்றாள். "இடது பக்கம் கடைவாய்ல ரெண்டு சொத்தை. என்னமா தெளிவாத் தெரியுது! வாய மூடாத."

நன்றி என்று சொல்ல வந்தான். வாயில் பல் பார்க்கும் கண்ணாடி இருந்ததால் "ஆங்" என்று மட்டும்தான் வந்தது.