தொடாத கை

நூர் முகமதுவுக்கு மனைவியின் பெயரைக் கடைத்தெருவில் சொல்லிப் பழக்கமில்லை. யாராவது விசாரித்தால் 'வூட்ல' என்பார், அதோடு சரி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயும் புளியும் வாங்கி விற்கிற கள்ளக்குறிச்சி வியாபாரி. ஊர்க்கதை நாளெல்லாம் பேசுவார், வீட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

அந்தக் கூச்சத்தைத்தான் வழக்கில் டாக்டர் தரப்பு பிடித்துக்கொண்டது. மார்பில் கட்டி என்று போன மனைவி நூர்ஜகானைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பால் கட்டிதான், ஒத்தடம் கொடுங்க" என்று அனுப்பிய மகராசன் அவர். அடுத்த வருடம் அது புற்றுநோய் என்று தெரிந்தபோது அக்குள் வரை பரவியிருந்தது. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். டாக்டர் கூசாமல் பதில் கொடுத்தார்: கோஷா குடும்பம், கணவர்தான் தொட்டுப் பார்க்க விடவில்லை.

அதைக் கேட்டதிலிருந்து நூர் முகமதுவுக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கு தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும். பொண்டாட்டியை நோய்க்குத் தூக்கிக் கொடுத்தவன் என்று ஊர் சொல்லுமே!

நுகர்வோர் ஆணையத்தில் நூர்ஜகான் சாட்சி சொல்ல எழுந்தாள். முக்காட்டுக்குள் முடி இப்போதுதான் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா தடுத்தார்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் குழைந்தார்.

"இவரா? எம் பொண்ணு ஜெபீனா பொறக்கசொல்ல ஆபரேசன் பண்ணது ஆம்பள டாக்டருங்க. சீக்கிரம் பண்ணுங்கன்னு அவரு கால்ல வுழுந்ததே இந்த மனுசன்தான். உசுரா கோஷாவான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். ஜெபீனா இப்ப காலேஜ் போயிக்கினு இருக்கா. இந்த வயசுல எனக்கு ஏதுங்க பால் கட்டி?"

வக்கீல் வாயைத் திறந்தார். அவள் விட்டால்தானே.

"டாக்டரு கை கிட்ட வந்திருந்தாத்தான சார் தடுக்கறதுக்கு? அது செல்போன வுட்டு வரவேயில்ல."

வக்கீல் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். நூர் முகமதுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் இவளையா பொத்திப் பொத்தி வைத்திருந்தோம் என்று பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சோதித்துப் பார்க்காதது டாக்டரின் தவறு, கணவர் தடுத்தார் என்பது பொய் என்று தீர்ப்பு வந்தது. ஆட்டோ வேண்டாம் என்று நூர்ஜகான் கணவரோடு கடைத்தெரு வழியாகவே நடந்தாள். பக்கத்துக் கடை ராஜாங்கம் ஓடி வந்தார்.

"பாய், கேசு இன்னா ஆச்சு?"

"நூர்ஜகான் ஜெயிச்சுட்டாய்யா!"

எதிர்வரிசைக் கடைக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"மெதுவாங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அவள்.

"பாக்கட்டும்" என்றவர், காதில் விழாதவர்களுக்காக அந்தப் பெயரை இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.