டிரங்க் கால் பிளாரன்ஸ்

தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிளாரன்ஸ், ரிட்டையர் ஆன மறுநாளிலிருந்து வீடு தங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்குக் கால் முளைத்தால் தெரு சும்மா இருக்குமா? எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த அய்யாக்குட்டி அண்ணாச்சி, அவள் குடையோடு கிளம்பும்போதெல்லாம், "இன்னைக்கு எங்கன டூட்டி, பிளாரன்சம்மா?" என்று கேட்பார். அவளும் சளைக்காமல், "காலையில லைப்ரரி, சாயங்காலம் கச்சேரி. ரெண்டு ஷிப்டு" என்பாள்.

அவள் ஆசையில் ஒரு நியாயம் இருந்தது. ஊரில் நடக்கும் அத்தனையும் அவள் கைவழியாகத்தான் போயிருக்கிறது. சிவன் கோயில் தேருக்கு எந்த ஊர் நாதஸ்வரம் வருகிறது என்பது கோயில் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். திருவாரூருக்கும் கும்பகோணத்துக்கும் கால் போட்டுக் கொடுத்தவளே அவள்தானே. மாதா கோயில் திருவிழாப் பிரசங்கத்துக்குக் கொழும்பிலிருந்து எந்தச் சாமியார் வருகிறார், எந்தத் தோணியில் வருகிறார் என்பதும் தெரியும். ஆனால் நாதஸ்வரத்தையும் கேட்டதில்லை, பிரசங்கத்தையும் கேட்டதில்லை. திருவிழா நாட்களில்தான் எக்ஸ்சேஞ்சில் கூட்டம் அள்ளும். சூப்பர்வைசர் ஆன பிறகு, மற்ற கிறிஸ்தவப் பெண்களுக்கெல்லாம் லீவு கொடுத்துவிட்டுத் தானே போர்டில் உட்கார்ந்துகொண்டாள். மாதாவின் சப்பரத்தைப் பாதி வருடங்கள் எக்ஸ்சேஞ்ச் மொட்டை மாடியிலிருந்துதான் கும்பிட்டிருக்கிறாள். மீதி வருடங்களில் அதுவும் கிடையாது.

அதனால் இந்த ஒரு வருடமாக வட்டியும் முதலுமாக அனுபவித்தாள். திருவிழாவில் பதினோரு நாளும் முன்வரிசை. தசரா மாதத்தில் குலசேகரன்பட்டினத்துக்கு வேஷம் கட்டிப் போகிறவர்கள் தெருவில் மேளத்தோடு வந்தால், வாசலில் நின்று அரிசி போட்டாள். தவக்காலத்தில் ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் பார்த்துவிட்டு, யூதாஸாக நடித்த உப்பு ஆபீஸ் கிளார்க்கை மறுநாள் மார்க்கெட்டில் நிறுத்தி, "நல்லாக் காட்டிக்கொடுத்தீரு" என்று பாராட்டினாள். மதிய நேரத்தில் பழைய துறைமுகத்தில் போய் நின்று தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றுவதைப் பார்ப்பாள். ஒன்றும் வாங்குவதற்கில்லை, யாரையும் பார்ப்பதற்கில்லை. சும்மா நிற்பது அவ்வளவு சுகம் என்று அவளுக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

இந்தச் சுகத்துக்குத்தான் மகன் விக்டர் பம்பாயிலிருந்து உலை வைத்தான்.

எழுபத்தெட்டாம் வருடம் ஏப்ரலில் அவன் கடிதம் வந்தது. மருமகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாலு வயதுப் பேரன் இனிகோவுக்கு ஜூனில் பள்ளிக்கூடம். அம்மா இனி பம்பாயோடு வந்துவிட வேண்டும், வீட்டை விற்றுவிடலாம், வயதான காலத்தில் தனியாக எதற்கு என்று எழுதியிருந்தான். அன்பாகத்தான் எழுதியிருந்தான். அதுதான் மறுப்பதைக் கஷ்டமாக்கியது.

முடியாது என்று சொல்லிவிட அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கடை டெலிபோனுக்கு விக்டரின் டிரங்க் கால் வந்தது. பிளாரன்ஸ் ரிசீவரை வாங்கி, பேரனின் சளியைக் கேட்டாள், மருமகளின் வேலையைக் கேட்டாள், பம்பாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். முக்கியமான விஷயத்துக்கு வருவதற்காக மூச்சை இழுத்தபோது அவள் கண் கடைச் சுவர்க் கடிகாரத்தில் போய் விழுந்தது. அவ்வளவுதான்.

"த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று, போர்டில் முப்பத்தெட்டு வருடம் சொன்ன பழக்கத்தில் அவள் வாயே சொன்னது. அவள் கையே ரிசீவரை வைத்துவிட்டது.

கடையில் நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏய், பெத்த மகனையே கட் பண்ணிட்டாவளே!" என்று அண்ணாச்சி மேஜையைத் தட்டினார். பிளாரன்சும் சிரித்தாள். தெருவைக் கடந்து சொந்த வாசலில் கால் வைத்த பிறகுதான், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்பது உறைத்தது.

பத்து நாளில் விக்டரின் அடுத்த கடிதம். 'நீங்கள் போனில் மறுப்பு ஒன்றும் சொல்லாதது எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். ஜூன் மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இனிகோ பாட்டி வருகிறாள் என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.'

பதில் எழுத உட்கார்ந்தாள். 'வர இயலாது' என்று எழுதிப் பார்த்தாள். தந்தி மாதிரி இருந்தது. காரணம் எழுதினாள். தேர், திருவிழா, லைப்ரரி, கச்சேரி என்று வரிசையாக வந்து நின்றதும் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பேரனை வேண்டாம் என்கிற கிழவி கச்சேரி கேட்கப் போகிறாளாம்! கிழித்துப் போட்டாள். மூன்று கடிதங்கள் இப்படியே போயின.

மே மாதக் கடைசியில், வேறு வழியில்லாமல், அண்ணாச்சி கடையிலிருந்து விக்டரின் ஆபீசுக்கு அவளே ஒரு கால் புக் பண்ணினாள். காலை பத்தரைக்குச் சொன்னது சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிடைத்தது. போன தடவை பட்ட பாட்டை நினைத்து, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா? என்ன, உடம்பு சரியில்லையா?" என்றான் விக்டர் பதறிப்போய்.

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஏலே விக்டர், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத. நான் அங்க குடியிருக்க வரல. வீட்டையும் விக்கப்போறதில்ல. வருசத்துக்கு ரெண்டு மாசம் வாரேன், பிள்ளையப் பாத்துக்கிடுதேன், திரும்பி வந்துருதேன்."

டைப்ரைட்டர் சத்தத்துக்கு நடுவே விக்டர் கேட்டான்.

"தனியா அங்க யாரும்மா இருக்கா உங்களுக்கு?"

"ஊரு இருக்குலே."

"ஊரா?" அவன் குரல் ஏறியது. "வேலைக்குப் போறப்பவும் உங்களுக்கு ஊருதான். இப்பவும் ஊருதானா? கோயில்ல என் புதுநன்மைப் பூசைக்கு நீங்க வந்தீங்களா? பெரியம்மாதான பக்கத்துல நின்னா? சின்னப்பிள்ளையில எனக்குத்தான் நீங்க கிடைக்கல. என் பிள்ளைக்காவது கிடைக்கக் கூடாதா?"

பிளாரன்ஸ் ரிசீவரோடு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தோணிக்குப் போன புருஷன் ரோச் கடலோடு போனபோது விக்டருக்கு மூன்று வயது. அவள் டூட்டிக்குப் போனாள், அக்கா அல்போன்சா அவனை வளர்த்தாள். இன்றைக்கும் அவன் பெரியம்மாவை நீ என்பான், பெற்றவளை நீங்க என்பான். எத்தனையோ தாய்களையும் பிள்ளைகளையும் பேச வைத்த பிளாரன்ஸ், தன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியது குறைவு. இதை அவள் அறியாதவளா? ஆனால் அவன் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை.

லைனில் ஆபரேட்டர் பெண் குறுக்கிட்டு, மூன்று நிமிடம் முடிந்தது என்று சொன்னாள்.

"எக்ஸ்டெண்ட் பண்ணும்மா" என்றாள் பிளாரன்ஸ். பிறகு மகனிடம் திரும்பினாள்.

"நீ சொல்லுததெல்லாம் நெசந்தான். ஒன்ன வளக்க நான் இல்ல. அது என் தப்பு, நான் இல்லேங்கல. ஆனா அந்தத் தப்புக்கு ஒன் பிள்ளைய வச்சி ஈடு கட்ட முடியாதுலே. அப்பிடி வந்தா, அந்த ரூமுக்குள்ள நான் மறுபடியும் டூட்டி பாக்குதேன்னுதான் இருக்கும். பிள்ளைக்கும் அது தெரிஞ்சுபோகும். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஒனக்குத் தெரிஞ்சுதா இல்லியா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழுதியாலே?"

"ஆபீசும்மா" என்றான் விக்டர். பிறகு ஆபீஸ்காரன் குரலிலேயே, "எந்த ரெண்டு மாசம்?" என்று கேட்டான்.

"நவம்பர், டிசம்பர். கிறிஸ்மஸுக்கு ஒங்ககூட இருக்கேன்."

"சரி. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். சொல்லிவிட்டு அவனே போனை வைத்தான்.

ரிசீவரை இறக்கியபோது அண்ணாச்சி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார், காதில் எதுவும் விழாதவர் போல. சாதாரணமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை கேலி பேசுகிற மனிதர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதுவே அவளுக்குப் பாரமாக இருந்தது. நினைத்தது நடந்துவிட்டது. வீடு இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஆனால் மகன் கேட்ட கேள்வி காதை விட்டுப் போகவில்லை. இப்படியே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அண்ணாச்சியின் மனைவி செண்பகம் உள்ளேயிருந்து பூ வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்ததால் போன் பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை, பிளாரன்சின் முகத்தையும் கவனிக்கவில்லை. "யக்கா, கோயில்ல இன்னைக்குக் கதை சொல்ல மருதையிலேர்ந்து ஆளு வந்திருக்காராம். வாரியளா?" என்றாள்.

பிளாரன்ஸ் தலையாட்டினாள். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

சிவன் கோயில் மண்டபத்தில் பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. செண்பகம் முழங்கையால் இடித்து இரண்டு பேருக்கு இடம் பிடித்தாள். கதை சொல்கிறவருக்கு நல்ல குரல். ஆர்மோனியத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பிரியும் ஒரு தாயின் கட்டத்துக்கு வந்தார். 'போய் வா என்று வாய் சொல்லுது, போகாதே என்று வயிறு சொல்லுது' என்று அவர் இழுத்தபோது, முன்வரிசைக் கிழவி ஒருத்தி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் இருந்தவள் விசும்பினாள். செண்பகத்துக்கும் கண் கலங்கிவிட்டது. மண்டபத்தின் இந்தப் பாதி முழுக்க அழுதது.

பிளாரன்சும் அழுதாள். வாயைப் பொத்தாமல், முகத்தை மறைக்காமல், தோள் குலுங்க அழுதாள். ஏன் என்று ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.