அப்படி ஓர் இடம் இல்லை

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கிருபாகரனின் மேசையைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கும் அந்தக் கம்பெனியில் அவனுக்கு 'ரூட்டு கிருபா' என்று பெயர். எங்கே சுற்றுலா போனாலும் மேப்பில் வழி போடுவது அவன்தான். நல்ல இளநீர் எங்கே கிடைக்கும், எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், வெயிலில் கார் நிறுத்த நிழல் எங்கே என்று ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்து எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுவான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து கார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கடற்கரைச் சாலை பிடித்து முட்டுக்காட்டில் படகு.

"திருக்கழுக்குன்றம் தாண்டினதும் ஏன்பா இப்படிச் சுத்துது? நேராவே ஒரு ரோடு இருக்கே" என்றார் சூப்பர்வைசர் ரவிச்சந்திரன். கோடு ஓர் ஏரியைத் தொடாமல் வளைந்து போயிருந்தது. ஒன்பது கிலோமீட்டர் கூடுதல்.

"அது சின்ன ரோடு சார். எதிர்ல வண்டி வந்தா பேஜாரு."

"சரி, உனக்குத் தெரியாததா. நீ அந்தப் பக்கத்து ஆளு. அணுபுரம்."

"ஆமா சார்" என்றான் கிருபாகரன், திரையைப் பார்த்தபடியே.

அவன் அணுபுரத்துக்காரன் இல்லை. அங்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்காரர்களின் குவார்ட்டர்ஸ் வீடுகளில் அவன் அம்மா காசியம்மாள் பாத்திரம் தேய்த்தாள், அவ்வளவுதான். அவன் வீடு அந்த ஏரிக்கரைக் காலனியில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ரவிச்சந்திரன் அவனை எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "ஊர்லயா, காலனியா?" என்றார். டீ சாப்பிட்டியா என்று கேட்பது போலச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதே கேள்விக்கு உண்மையைச் சொல்லி, பேசி முடித்த வாடகை ரூம் ஒன்று அவன் கையைவிட்டுப் போயிருந்தது. "வீடு இப்ப அணுபுரம் சார்" என்று வாயில் வந்ததைச் சொன்னான். அங்கே எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை.

மேப்பில் வழியை வளைத்தாகிவிட்டது. ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது.

பாலிடெக்னிக் படிக்கும்போது முதல் போன் வாங்கினான். அப்போது மேப்புக்கு ஏரியின் அந்தக் கரையிலிருந்த ஊர் மட்டும்தான் தெரியும். இந்தக் கரையில் காலனி இருப்பது தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் கேஸ் சிலிண்டர்காரரும் கொரியர்காரரும் ஊருக்குப் போய், காலனியைக் காணாமல் திரும்பிவிடுவார்கள். கிருபாகரன் தன் வீட்டின்மேல் ஒரு புள்ளி வைத்து, 'வாசுதேவன் இல்லம், காலனி' என்று அப்பா பேரைப் போட்டான். அப்பா அவன் தோளில் கைபோட்டு நிற்கும் ஒரு போட்டோவையும் சேர்த்தான். "நம்ம வூடு போன்ல கீதாம்" என்று வாசுதேவன் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதிலிருந்து முப்பது வீட்டுக்கும் அதுதான் அடையாளம். செங்கல் லோடு வந்தாலும் கல்யாணத்துக்கு ஆள் வந்தாலும், "வாசுதேவன் வூட்டுப் புள்ளிய அனுப்பு" என்பார்கள்.

ரவிச்சந்திரனுக்கு மேப்பைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஏரி ஓரத்தில் விரலை வைத்தால் போதும், அவன் முகம் வந்துவிடும்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அந்தப் புள்ளியைத் திறந்து, 'நீக்கு' என்பதை அழுத்தினான். காரணம் கேட்டது. மூன்று விடைகள் இருந்தன: மூடப்பட்டுவிட்டது, இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, அப்படி ஓர் இடம் இல்லை. முதல் இரண்டும் பொருந்தவில்லை. மூன்றாவதை அழுத்தினான். திங்கட்கிழமை திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை புள்ளி காணாமல் போயிருந்தது.

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு முட்டுக்காட்டில் படகு நடுத்தண்ணீருக்கு வந்திருந்தது. போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஆல்வின். அருகில் ரவிச்சந்திரன் இருந்ததால் கட் செய்தான். மறுபடியும் அடித்தது, மறுபடியும் கட் செய்தான். மூன்றாவது முறை எடுத்தான்.

"எங்கடா கீற? போன கட் பண்ணிக்கினே கீற. உன் நைனாவுக்கு நெஞ்சுவலிடா. ஆம்புலன்சு அந்தாண்ட ஊர்ல வந்து நிக்கிது. ஏரிக்கரையாண்ட வாங்கன்னா, எந்தக் கரைன்னு கேக்குறாரு டிரைவரு. உங்க வூட்டுப் புள்ளிய அனுப்பலாம்னு பாத்தா காணோம்டா. இருபது நிமிஷமா தேடுறேன். வேற எப்பிடி அனுப்புறதுன்னு எனக்குத் தெரிலடா."

கிருபாகரன் மேப்பில் ஏரியைத் தேடி, இந்தக் கரையில் விரல் வைத்து, அந்த இடத்தை ஆல்வினுக்கு அனுப்பினான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்பாவுக்கு முடியல சார். நான் போகணும்."

"வா, நான் கார்ல கொண்டு வுடுறேன். அணுபுரம்தான?"

"வேணாம் சார், பஸ்ல போயிடுறேன்."

அப்போதும் அப்படித்தான் சொன்னான். இரண்டு பஸ் மாறினான். அவன் திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது ஆல்வினிடமிருந்து போன் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வாசுதேவன் இறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் ரவிச்சந்திரன் போனில் பேசினார். "நாங்க நாலு பேர் வரோம்பா. அணுபுரத்துல எந்த பிளாக்கு? லொக்கேஷன் அனுப்பு."

கிருபாகரன் சாமியானாவின் கீழே வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வீடு இருக்கும் இடத்தை அனுப்பினான். அவர்கள் வளையாமல் நேர் ரோட்டிலேயே வந்தார்கள்.

ரவிச்சந்திரன் இறங்கி ஏரியைப் பார்த்தார். காலனியைப் பார்த்தார். மாலை போட்ட போட்டோவில் வாசுதேவன் இருந்தார்; வெட்டப்பட்ட ஓரத்தில் மகன் தோளில் அவர் கை தெரிந்தது.

"வாங்க சார்" என்றாள் காசியம்மாள். "வூடு கண்டுபுடிக்க கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லம்மா. கிருபா அனுப்பினான், நேரா வந்துட்டோம்."

"அன்னிக்குத்தான் யாராலயும் கண்டுபுடிக்க முடில" என்றாள் அவள். ஆல்வின் நாற்காலிகளை இழுத்துப் போட்டான்.

கிருபாகரன் எழுந்து நின்றான்.

"அந்தப் புள்ளி தானா போவலமா. நான்தான் எடுத்தேன். இவங்கல்லாம் இந்தப் பக்கமா வராங்க, என் மூஞ்சியப் பாத்துடுவாங்கன்னு எடுத்தேன். இன்னா காரணம்னு கேட்டுச்சு. அப்பிடி ஒரு எடமே இல்லன்னு சொன்னேன்."

ஆல்வின் இழுத்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான். காசியம்மாள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரவிச்சந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊர்லயா காலனியான்னு கேட்டது நான்மா. சும்மா கேக்குறதாத்தான் நெனச்சுக்கினு இருந்தேன். இத்தினி வருஷமா எத்தினி பேரக் கேட்டிருப்பேன். எந்தத் தெருன்னு கேட்டு ஆள அளக்கக் கூடாது. அளக்குறவனுக்குப் பயந்து பொறந்த எடத்த மறைக்கவும் கூடாது. இந்த ரெண்டுல ஒண்ணு நடக்காம இருந்திருந்தாக்கூட இன்னிக்கு இவர் இருந்திருப்பாரு."

கிருபாகரன் அழுதான். காசியம்மாள் அவனைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. கீழே கிடந்த அவன் போனை எடுத்து, புடவையில் துடைத்து, அவன் கையில் வைத்தாள்.

"முப்பது வூடு கீது. நாளைக்கு வேற எவனுக்கோ வண்டி வரணும். அழுவறத அப்பறம் அழு. மொதல்ல அந்தப் புள்ளியப் போடு."