சீட்டில் இல்லாத நம்பர்

டோக்கன் நாற்பத்தேழு என்று பலகையில் சிவப்பு எழுத்து மாறியதும் எழுந்து வந்தவர் என் தங்கையின் கணவர். பின்னாலேயே தங்கை. அவள் தோளில், வெளியூர் போகிறவர்கள் எடுத்துப் போவார்களே, அந்த மாதிரி ஜிப் வைத்த பெரிய பை. அவளுடைய போன் அவர் கையில் இருந்தது.

செல்போன் கம்பெனியின் சேவை மையத்தில் முதல் கவுண்டர் என்னுடையது. இரண்டாவது கவுண்டர்காரி சாப்பிடப் போயிருந்தாள். அவள் பக்கம் தள்ளிவிடவும் வழியில்லை.

"வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க."

"உட்கார வரலக்கா." போனை மேசைமேல் வைத்தார். "ஒரே ஒரு விஷயம் தெரியணும். சொந்தம்னு பார்க்காம உள்ளதைச் சொல்லணும்."

அவர் மோட்டார் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் கேலி வராது.

"இவ போன்ல போட்ட காசு நிக்கவே மாட்டேங்குது. என்னன்னு போன வியாழக்கிழமை திறந்து பார்த்தா, தினம் ரெண்டு மெசேஜ். 'மனம் திறந்து பேச உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.' 'இன்று அவருக்கு வணக்கம் சொன்னீர்களா?' மூணு வாரமா வந்திருக்கு. கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறா. சரின்னு விட்டேன். மறுநாளே இது வருது." போனை எடுத்து வாசித்தார். "'உங்கள் வேண்டுகோளின்படி நட்பு வட்டம் சேவை நிறுத்தப்பட்டது. நன்றி.' தெரியாதவ எப்படிக்கா நிறுத்தச் சொல்லுவா? மாட்டிக்கிட்டதும் தடயத்தை அழிக்கிறா."

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேர்ந்து சேர்ந்துச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல. இவ போன்லேர்ந்துன்னு இருந்தா, இப்படியே உங்க அம்மா வீட்டுல விட்டுட்டு நான் ஷிப்டுக்குப் போறேன். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

"பாருக்கா," என்றாள் தங்கை. "பார்த்துச் சொல்லிடு. நிம்மதியாப் போகும்."

அந்தக் குரலில் இருந்த நம்பிக்கைதான் என்னைக் கொன்றது. கம்ப்யூட்டரைப் பார்க்காமலே எனக்குப் பதில் தெரியும்.

இந்த மெசேஜ் சேவைகளில் மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கவுண்டருக்கும் இலக்கு உண்டு. வானிலை, நகைச்சுவை, தன்னம்பிக்கை, நட்பு வட்டம். எல்லாவற்றுக்கும் தினமும் பணம் பிடிப்பார்கள். விரும்பிச் சேர்கிற மகானுபாவர் எவரையும் நான் ஆறு வருஷத்தில் பார்த்ததில்லை. அதனால் மாதக் கடைசியில் 'வீட்டு நம்பர்' போடுவோம். அம்மா, அத்தை, சித்தப்பா, ஓரகத்தி, இப்படி ஏமாந்த நம்பர்களாகச் சேர்த்து இலக்கை முடித்துவிட்டு, இரண்டாம் தேதி சத்தம் போடாமல் எடுத்துவிடுவோம். எங்கள் மேனேஜரே சொல்லிக்கொடுத்த வித்தை அது. போன மாதம் நான் போட்டது பதினொன்று. பத்து நம்பரை ஒரு டோக்கன் சீட்டின் பின்புறம் எழுதி வைத்தேன். தங்கை நம்பர் மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்ததை யாராவது எழுதி வைப்பார்களா? இரண்டாம் தேதி சீட்டைப் பார்த்துப் பத்தையும் எடுத்தேன். சீட்டில் இல்லாதது அப்படியே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை மதியம் அவள் போனில் அழுதபோதே சொல்லியிருக்கலாம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தச் சேவையை எடுத்துவிட்டேன். எடுத்தால் ஒரு நன்றி மெசேஜ் தானாகப் போகும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் புத்தி புல் மேயப் போய்விட்டது.

"என்னக்கா, நேரமாகுதா?"

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு," என்று பொய் சொன்னேன். திரையில் மூன்று வரிகள் எப்போதோ வந்துவிட்டன. தேதி, சேவை, கடைசி வரியில் சேர்த்த இடமும் ஊழியர் எண்ணும். அதே எண் என் கழுத்தில் அடையாள அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டேன்.

மூக்கில் வியர்த்ததுபோல மேனேஜர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சார், இந்த மாதிரி சேவையெல்லாம் வாடிக்கையாளர் பக்கத்திலேர்ந்து கேட்டாத்தான் சேரும். நாங்களாச் சேர்க்கவே முடியாது."

அது மேனேஜரின் சொந்த வாக்கியம் இல்லை. என் மேசையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற வாக்கியம். நானே அதை நூற்றுக்கணக்கான பேரிடம் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் இப்படி நின்றார்களோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"கேட்டியா?" என்றார் மாப்பிள்ளை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். "வா, கிளம்பு."

தங்கை நகரவில்லை. "அவர் யாரோ சொல்றாரு. நீ பார்த்தியாக்கா? நீ சொல்லு."

மானிட்டரை வாடிக்கையாளர் பக்கம் திருப்பக் கூடாது என்பது எங்கள் மையத்தின் சட்டம். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.

"கடைசி வரியைப் படிங்க மாப்பிள்ளை."

கருவியில் அளவு பார்ப்பதுபோல விரலை வைத்துப் படித்தார். "கவுண்டர் ஒண்ணு. ஊழியர் நாலு மூணு ஒண்ணு ஏழு."

அட்டையை வெளியே எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். "நான்தான். இலக்குக்காகச் சேர்த்தேன். நிறுத்தினதும் நான்தான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். வரிசையில் இருந்த பெயிண்டர் ஒருவர் எழுந்து தன் போனை நீட்டினார். "அப்ப என் நம்பரையும் கொஞ்சம் பாரும்மா." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கைகள் நீண்டன.

மாப்பிள்ளை முகம் தெளிந்துவிட்டது. "இவ்வளவுதானா? சரி விடுங்கக்கா. வேலைன்னா அப்படித்தான்." என்னை மன்னித்தும் விட்டார். தங்கையின் தோளிலிருந்து பையை வாங்கக் கை நீட்டினார். "வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் பையைக் கொடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் அழுதப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான், எல்லாம் சரியாயிடும்னு சொன்னியா?"

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். "போனைக் குடுங்க," என்று அவரிடமிருந்து வாங்கினாள். பின்மூடியைக் கழற்றி சிம்மை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். நேராகப் போய் இயந்திரத்தில் ஒரு டோக்கன் கிழித்துக்கொண்டு, பையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி இது? அதான் சரியாயிடுச்சே."

"உங்களுக்குச் சரியாயிடுச்சு."

இரண்டாவது கவுண்டர்காரி கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். டோக்கன் ஐம்பத்துமூன்று வந்ததும் தங்கை அவளிடம் போய்ப் புது நம்பர் கேட்டாள். நம்பர் எழுதிய காகிதத்தை மாப்பிள்ளை எட்டிப் பார்த்தபோது, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தானாகவே ஏறினாள். அவர் சாலையோரம் நின்றுகொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அடையாள அட்டையை அன்று மாலையே வாங்கிக்கொண்டார்கள். அதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. தங்கையின் பழைய நம்பர் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. புது நம்பரை அம்மாவிடம் கேட்டால், "அவளே குடுப்பா, பேசாம இரு," என்கிறாள்.